பெண் ஊழியர்கள் இல்லாத இடம்

பொற்கொடி புகார் எழுதிக்கொண்டு வந்த அன்று, அதை வாங்கி முத்திரை குத்தியவள் நான்தான். 2016, ஆடி மாதம். முத்தாண்டிக்குப்பத்திலிருந்து முதல் பஸ் பிடித்து நெய்வேலி நகரியத்துக்கு வந்து, எங்கள் காண்ட்ராக்டரின் கீழ் ஆபீஸ்களைக் கூட்டித் துடைக்கிறவள் அவள். பெற்றவர்கள் அடுத்தவர் முந்திரித் தோப்பில் கூலி வேலை செய்தவர்கள். திருப்பூருக்குப் போன புருஷன் வேணு திரும்பி வந்தபாடில்லை. ஒரே மகள் வெண்மதி. "எம்பொண்ணு கை தொடப்பத்தத் தொடக்கூடாதுக்கா" என்று வாரம் ஒருமுறையாவது என்னிடம் சொல்லிவிடுவாள். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி அவளைத் தனியார் பள்ளியில் சேர்த்திருந்தாள்.

புகார் சூப்பர்வைசர் விஜயராஜ் மேல். கையெழுத்துப் போடும்போது கையைப் பிடிப்பது, ஸ்டோர் ரூமுக்குத் தனியாகக் கூப்பிடுவது, போகாதவளுக்கு ஆப்சென்ட் போடுவது. எங்களுக்கெல்லாம் தெரியாதா என்ன? நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவனோடு உட்கார்ந்து டீ குடித்தோம். எழுதிக் கொடுத்தவள் இவள் ஒருத்தி.

சட்டப்படி கமிட்டி இருந்தது. சுவரில் போர்டுகூட மாட்டியிருந்தோம். மொத்தம் நாலு பேர். அதில் ஒருத்தி கிளார்க் கனகம், அதாவது நான். முதலில் பொற்கொடியிடம்தான் "நீ வேற பிளாக்குக்குப் போறியாம்மா?" என்று கேட்டோம். முடியாது என்றுவிட்டாள். விசாரணை முடிகிற நேரத்தில் காண்ட்ராக்டர் எங்களைக் கூப்பிட்டு, "குத்தம்னு எழுதாதீங்கம்மா, அவனுக்கும் புள்ளகுட்டி இருக்கு" என்றார். நாலு பேரும் தலையாட்டினோம். ஆனாலும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. "இவரைப் பெண் ஊழியர்கள் இல்லாத இடத்துக்கு மாற்ற வேண்டும்" என்று ஒரு வரியை அடம்பிடித்துச் சேர்த்தேன். நானே டைப் அடித்தேன். என்னமோ உலகத்தையே ஜெயித்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு வீட்டில் கேசரி வேறு கிண்டினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பத்தே நாளில் விஜயராஜ் போய்விட்டான். எங்கே போனான் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பொற்கொடி நிமிர்ந்து நடந்தாள். கூட வேலை செய்கிற பெண்கள் "வக்கீலம்மா வராங்க, வழி விடுங்கடி" என்று கிண்டல் செய்தால் வாய்கொள்ளாமல் சிரிப்பாள்.

அடுத்த ஜூனில் வெண்மதி எட்டாம் வகுப்புக்குப் போனாள். போன மூன்றாவது வாரமே பள்ளிக்கூடம் வேண்டாம் என்று அழுகை. ஒருநாள் வயிற்றுவலி, ஒருநாள் தலைவலி. பொற்கொடி கோபத்தில் முதுகில் ரெண்டு வைத்தாள். அப்புறம்தான் பிள்ளை வாயைத் திறந்தது. பள்ளி பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் புதிதாக வந்திருக்கிறான். கடைசியில் இறங்குகிறவள் இவள்தான். பஸ் காலியானதும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வான், தொடுவான். இவள் விலகினால், "நீயும் ஒங்கம்மா மாரி எழுதிக் குடுப்பியா?" என்று சிரிப்பானாம்.

அந்தப் பள்ளிக்குப் பஸ் விடுவதும் எங்கள் காண்ட்ராக்டர்தான். பஸ்ஸில் டிரைவர் நல்லசாமி, அவரை விட்டால் விஜயராஜ். பெண் ஊழியர் ஒருவரும் கிடையாது. பாவிகள், என் வரியை அப்படியே நிறைவேற்றியிருந்தார்கள்.

தாய்க்கு வயது முப்பத்து மூன்று. கத்தத் தெரியும், எழுதிக் கொடுக்கத் தெரியும், பேருக்காவது ஒரு கமிட்டி இருந்தது. மகளுக்குப் பதின்மூன்று. அவள் கண்ணுக்கு எதிரே இருந்தது நல்லசாமியின் முதுகு மட்டும்தான்.

கமிட்டி உத்தரவின் நகலை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியை மலர்கொடியிடம் போனோம். படித்துப் பார்த்து மேசைமேல் வைத்தார்.

"இது ஆபீஸ் இல்லம்மா, ஸ்கூல். அங்க பெரியவங்க, கமிட்டி வெச்சுப் பேசிக்கலாம். இங்க விஷயம் வெளிய போனா பொண்ணு பேருதான் கெடும். சரி, இதுல அவரு தப்பு பண்ணாருன்னு எங்க இருக்கு, காட்டுங்க."

எங்கே காட்டுவது? நான் எழுதினால்தானே இருக்கும்.

"வேணும்னா புள்ளைய வேற பஸ்ல ஏத்திவிடுறேன். இல்லேன்னா டிசி வாங்கிக்கோங்க."

பொற்கொடி எழுந்துவிட்டாள். "அங்க என்னைப் போறியான்னு கேட்டாங்க. இங்க எம்பொண்ணப் போகச் சொல்றீங்க. அவன் மட்டும் எங்க வேணா ஏறிக்கினு எறங்கிக்கினு இருப்பானா?"

நாங்கள் கேட்டைத் தாண்டுவதற்குள் காண்ட்ராக்டரிடமிருந்து போன். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் ரெண்டு பேருக்கும் நாளையிலிருந்து வேலை கிடையாது என்றார்.

"நீ வரியாக்கா, இல்ல நான் மட்டும் போவட்டுமா?" என்றாள் பொற்கொடி.

வருகிறேன் என்றேன்.

போகிற வழியில் வெண்மதியோடு என் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து புகாரை எழுதினோம். நான் பேனாவை எடுத்தேன். பொற்கொடி அதை என் கையிலிருந்து வாங்கி மகளிடம் கொடுத்தாள். வெண்மதி நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, தேதி போட்டு, பெயர் எழுதி, அவன் பெயரையும் எழுதினாள். அப்புறம் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அவன எங்க மாத்தச் சொல்லி எழுதணும், பெரியம்மா?"



"மாத்தறதெல்லாம் ஒங்க பெரியம்மா எழுதி முடிச்சிட்டாங்க" என்றாள் பொற்கொடி. "நீ அவன் பண்ணத எழுது."