படத்துக்குள் ஒரு ஆள்

சாக்கைப் பிரித்ததும் வீடெல்லாம் பெயின்ட் வாசனை... கருவாட்டு லொறியில் வந்ததால் அந்த நாற்றமும் சேர்ந்திருந்தது.

ஐம்பதுகளில், கல்முனையில். என் மூத்த சகோதரர் ஜமால் நானா அப்போது கொழும்புத் துறைமுகத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அங்கே வந்து படம் வரைகிற ஒரு ஓவியர் அவருக்குக் கொடுத்த படமாம் இது. லொறிக்காரர் சொன்னார்: "துறைமுகந்தான். உங்கட மகனும் இதில நிக்கிறாராம்."

பார்த்தோம்... நீலக் கட்டங்கள், கறுப்புக் கோடுகள், துரு நிறத்தில் சில கீற்றுகள். கப்பல் எது, கடல் எது? வாப்பா தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். சிரிக்காதீர்கள்!

"இஞ்ச பாரு புள்ள, இதில மேல் பக்கம் எது?" என்று உம்மாவைக் கேட்டார்.

உம்மாவுக்கு அந்தக் கவலையே இல்லை. மகனைக் கண்டு இரண்டு நோன்புப் பெருநாள் போய்விட்டது. இன்றைக்கு ஒரு கோட்டைக் காட்டி "இதுதான் மகன்" என்பார். நாளைக்கு வேறொரு கோடு.

சுவரில் மாட்ட அவருக்கு அவ்வளவு ஆசை. ஆனால் உருவப் படம் உள்ள வீட்டுக்குள் மலக்குகள், அதாவது வானவர்கள், வரமாட்டார்கள் என்று நாங்கள் ஆள் படம் மாட்டுவதில்லை. வாப்பா பள்ளிவாசல் லெப்பையைக் கூட்டிவந்தார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்து அவரும் குழம்பிப்போனார், பாவம்.

"இது ஆளா, சாமான் தூக்கிற மெசினா? எனக்கு விளங்கல்ல. ஆள் இரிந்தா மாட்ட ஏலா. நீங்களே சொல்லுங்க புள்ள... ஆள் இரிக்கா?"

உம்மா அந்தக் கோடுகளை விரலால் ஒருமுறை தடவினார்.

"இல்ல லெப்பை. இதில ஆரும் இல்ல."

படம் சுவருக்குப் போனது. எனக்குத்தான் தலை சுற்றியது. மகன் இருக்கிறான் என்றுதானே மாட்ட ஆசைப்பட்டார்? அப்படியானால் ஏன் இல்லை என்றார்? சந்தோஷப்படவேண்டியவர் ஏன் அடுப்படியில் போய் அழுதார்?

அந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நானா வந்தார்.

"நானா, நீங்க இதில எங்க நிக்கிற?" என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டு விரலை நீட்டினார். உம்மா ஓடிவந்து அந்த விரலைப் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"காட்டாத மகன். காட்டினா கழட்டணும்."

இப்போது பேரப்பிள்ளைகள் போனில் அனுப்பும் படங்களில் எல்லா முகமும் பளிச்சென்று தெரிகிறது. யார் எவர் என்று குழம்பவே வேண்டாம். உம்மாவும் நானாவும் மௌத்தாகி மண்ணுக்குப் போய்விட்டார்கள். துறைமுகம் மட்டும் என் வீட்டுச் சுவரில் இருக்கிறது.

சில நாள் அதைப் பார்த்தால் அழுகை வரும்... எந்தக் கோட்டைப் பார்த்து அழுகிறேன் என்றுதான் இன்னும் விளங்கவில்லை.