பேட்டரிப் பெட்டியில் கீரை

என் அக்கா புருஷனுக்குத் தெருவில் வைத்த பெயர் 'டிஸ்டில் வாட்டர்'. பழைய பேட்டரிகளைப் பிரித்துத் தகடு மாற்றுவது அவர் தொழில். பேட்டரியில் ஊற்றும் அந்தச் சுத்தத் தண்ணீரைப் போலத் தானும் அப்பழுக்கற்றவர் என்ற நினைப்பு. வேலை முடிந்து வந்தால் கை கழுவாமல் வீட்டுக் கதவைத் தொடமாட்டார். அக்காதான் திறந்துவிட வேண்டும்.

அந்தத் தொழிலில் எல்லாருக்கும் ஆசிட் என்றால்தான் பயம். சட்டையை ஓட்டை போடும், தோலை உரிக்கும். ஈயம் அவர்களுக்கு வெறும் தகடு; அதில் படிந்த தூளை வாயால் ஊதித் தள்ளிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள். அதனால் காலிப் பேட்டரிப் பெட்டிகளில் செடி வைக்கலாம் என்று மாடிக்குக் கொண்டு வந்தபோது, மாமா ஆசிட்டைத்தான் விரட்டினார். சமையல் சோடா கரைத்து ஊற்றினார், அலசினார், அலசிய தண்ணீரில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார்.

"புளிப்பு சுத்தமா போயிடுச்சு. இனிமே இதுல என்ன வேணா போடலாம்" என்றார்.

கீரை போட்டார். சில பெட்டிகளில் செடி குட்டையாகவே நின்றது, இலை வெளுத்தது, பிடுங்கினால் வேர் கறுத்துச் சுருண்டிருந்தது. மண் சரியில்லை என்று அவற்றை ஒதுக்கிவிட்டு, செழிப்பாக வந்ததை மட்டும் அறுத்தார். முதல் கட்டு, முழுகாமல் இருந்த மகளுக்கு. மிச்சம் தெருவுக்கு. "மருந்தே அடிக்காத கீரை" என்று வீடு வீடாக நீட்டும்போது மனுஷனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நானும் கூச்சமில்லாமல் கூடுதலாகக் கேட்டு வாங்கியவன்தான்.

மகளுக்கு வயிற்று வலியும் சோகையும் விடவில்லை. அப்பாவின் தொழிலைக் கேட்ட டாக்டரம்மா, ரத்தத்தில் ஈயம் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். இருந்தது, அளவுக்கு மீறி.

"நான் கடைப் பக்கமே போனதில்லையே" என்றாள் மகள். "அப்பா குடுக்குற கீரைதான் தினமும். பேட்டரிப் பெட்டியில வளர்த்தது."

மாமா குறுக்கே புகுந்தார். "இலையெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கும் டாக்டர்."

"செடி நல்லா இருந்தா ஈயம் இல்லைன்னு அர்த்தமில்லைங்க. மண்ணுல இருக்கறதை அது பாட்டுக்கு உறிஞ்சிக்கும். தூசியும் இலையில ஒட்டிக்கும்."

"வயித்துல இருக்கற குழந்தைக்கு?" என்றாள் மகள்.

"இப்ப உறுதியா ஒண்ணும் சொல்ல முடியாது. உடனே நிறுத்துங்க, அளவு குறையுதான்னு பார்ப்போம். வேற யாரெல்லாம் சாப்பிட்டாங்க?"

மாமா கூனிக் குறுகிப் போனார். மகளின் முகத்தைப் பார்க்கவே இல்லை. தரையைப் பார்த்துக்கொண்டே வெளியே வந்தார்.

தெருவில் சொல்லியாக வேண்டுமே. நானும் கூடப் போனேன். முதல் வீட்டில் அவருக்கு உண்மை வாயில் வரவில்லை. "கீரையில பூச்சி விழுந்துடுச்சு, தூக்கிப் போட்டுடுங்க" என்றார். அடுத்த வீட்டிலும் அதே பூச்சி. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு நடுத்தெரு என்றும் பார்க்காமல் கேட்டிருப்பேன். வெட்கத்தில் செத்துக்கொண்டிருந்த அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்காமலே கூட நடந்தேன்.

தையல்காரம்மா தன் வீட்டு வாசலில் சின்ன மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். தட்டில் கீரை. இங்கேயும் மாமா பூச்சி என்றுதான் ஆரம்பித்தார்.

"பூச்சிதானே அண்ணா? உப்புத் தண்ணியில நல்லா அலசிட்டேன். இவ வேற கீரை தொடமாட்டா" என்று அடுத்த வாயை எடுத்தாள்.

மாமா தட்டைப் பிடுங்கிவிட்டார். குழந்தை வீலென்று அலறியது.

"பூச்சி இல்லம்மா. பொய் சொன்னேன். பேட்டரியில இருக்கற ஈயம். கழுவினா போகாது. என் பொண்ணு ரத்தத்துலயும் ஏறிடுச்சு. நான் குடுத்ததுதான்... குழந்தைக்கு டெஸ்ட் எடுக்கணும்மா."

தையல்காரம்மா குழந்தையின் வாய்க்குள் விரலை விட்டு மிச்சத்தை வழித்தெடுத்தாள். கிழித்துத் தொங்கவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் குரலே உயரவில்லை.

"கீரைன்னாலே வாயை மூடிக்குவா அண்ணா. உங்க பேரைச் சொன்னாத்தான் திறப்பா. பேட்டரி மாமா குடுத்தது, ஒரே ஒரு வாய்னு."