ரிவர்ஸ் விழாத கார்

எங்கள் பழைய காரில் ரிவர்ஸ் கியர் விழுவதில்லை. எங்கள் பெம்பான் ஊர் மெக்கானிக் பார்த்துவிட்டுக் கையை விரித்தார். "கியர்பாக்ஸே மாத்தணும் அங்கிள். இந்தக் காடிக்குப் பழைய சாமான்கூடக் கெடைக்காது லா."

அதனால் காரை வீட்டு வாசலுக்குள் விடாமல், தெருவில் முன்பக்கம் காலியாக உள்ள இடமாகப் பார்த்து நிறுத்துகிறேன். வாரத்தில் மூன்று நாள் மனைவியை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போக வேண்டும்.

வியாழக்கிழமை காலை ஒரு லாரி எங்கள் காரின் மூக்கிலிருந்து ஓரடி மட்டும் விட்டு நின்றது. டிரைவரைத் தேடியதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு நியூட்ரலில் போட்டு, பானெட்டில் கைவைத்துப் பின்னால் தள்ளினேன். பதினொரு தடவை தள்ளியும் அசையவில்லை. மனைவி காரிலிருந்து இறங்கி வந்தாள்.

"ஊசி குத்தற கையை வெக்காதே," என்றேன்.

"இன்னொரு கை சும்மாதானே இருக்கு? எண்ணிக்கிட்டு நிக்காம தள்ளுங்க!"

கார் இரண்டு முழம் நகர்ந்தது. அவளுக்கு மூச்சு வாங்கியது.

டயாலிசிஸ் மையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஒன்றரை மணி நேரம் தாமதம். "அடுத்த ஆளு வந்துருவாங்க ஆன்ட்டி. இன்னிக்கு ரெண்டரை மணி நேரந்தான்," என்றாள் தாதி.

நான்கு மணி நேரம் சுத்தமாக வேண்டிய ரத்தம். மீதி அழுக்கோடு அவளை வீட்டுக்கு அழைத்துவந்தேன். சனிக்கிழமைக்குக் காரை எங்கே நிறுத்துவது என்று தெருவை இரண்டு முறை சுற்றிப் பார்த்தேன். இடம் ஒன்றும் அமையவில்லை.