சத்தியம் பண்ணாத வீடு

லண்டனில், வால்தம்ஸ்டோவில் நாங்கள் இருந்த வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். எங்கள் பக்கம் அம்மா மிளகாய் வறுத்தால் அந்தப் பக்கம் தும்முவார்கள். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் மாமா "நூறு வயசு" என்பார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. ஊரில் பிரச்சினை தொடங்கிய பிறகு வந்து எங்களோடு இருந்தார். பெட்ரோல் நிலையத்தில் வேலை. பகல் ஷிப்ட் என்றால் பாடிக்கொண்டு போவார், இரவு ஷிப்ட் என்றால் பாடாமல் போவார்.

எண்பத்தாறாக இருக்கலாம், எண்பத்தேழாகவும் இருக்கலாம். ஆண்டுக் கணக்கு எனக்கு எப்போதும் வராது. பள்ளிக்கூடத்தையும் நான் பாதியில் விட்டவன். அப்போது எனக்குப் பதினொரு வயது. அதில் சந்தேகமில்லை, ஏனென்றால் அந்த வருடம்தான் பக்கத்து வீட்டுக்கு அந்தப் புருஷனும் பெண்சாதியும் வந்தார்கள்.

வெள்ளைக்காரர்கள்தான். ஆனால் தெருவில் இருந்த மற்ற வெள்ளைக்காரர்களைப்போல இல்லை. அமெரிக்காவில் தோட்டம் செய்கிற குடும்பங்களாம், சபை வேலைக்காக வந்தவர்களாம். அவர்களை மெனோனைட் என்கிற கிறிஸ்தவ சபைக்காரர் என்று சொல்வார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த மனுசி கணுக்கால் வரைக்கும் ஒரே நிறச் சட்டை போடுவார், தானே தைத்தது. கொண்டையை மூடி ஒரு வெள்ளை வலைத்தொப்பி. காதிலும் கழுத்திலும் ஒன்றுமில்லை. விரலில் மோதிரம்கூட இல்லை. அம்மாவுக்கு அதுதான் பெரிய கவலை.

"தாலியுமில்லை, மோதிரமுமில்லை. இதுகள் கலியாணம் கட்டினதுகளோ, சும்மா இருக்குதுகளோ?"

"நீ போய்க் கேளன்" என்றார் அப்பா.

"எனக்கென்ன விசரே?"

அந்த மனிதர் மடிப்பில்லாத கழுத்து வைத்த கறுப்புக் கோட்டுப் போடுவார். ஒருநாள் யாரோ பொடியன்கள் இரண்டு வீட்டுக் கதவுக்கும் முட்டை எறிந்துவிட்டு ஓடினார்கள். மாமா தடி எடுத்துக்கொண்டு துரத்தினார். பக்கத்து வீட்டு மனிதர் ஒரு வாளித் தண்ணீர் கொண்டுவந்து தன் கதவைக் கழுவி, பிறகு எங்கள் கதவையும் கழுவினார். "பயந்தாங்கொள்ளி" என்றார் மாமா, மூச்சு வாங்கியபடி.

ரிவி வைத்திருக்கிறவர்கள் காசு கட்டி லைசன்ஸ் எடுத்தார்களா என்று பார்க்கிறவன் தெருவுக்கு வந்த நாளும் நினைவிருக்கிறது. நாங்கள் ரிவிப் பெட்டியை அம்மாவின் சேலையால் மூடிவிட்டு அம்மா, மாமா, நான் மூன்று பேரும் அதற்கு முன்னால் நின்றோம். பக்கத்து வீட்டில் அவன் கேட்டான், அவர் "இல்லை" என்றார். அவ்வளவுதான். எங்கள் வீட்டில் அப்பா "கடவுளறிய இல்லை, பிள்ளையாணை இல்லை" என்று தமிழிலும் இங்கிலீசிலும் சொன்னார். அவன் நேராகச் சேலையைத்தான் பார்த்தான்.

புதன்கிழமைகளில் பின்னேரம் அவர்கள் வீட்டில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவார்கள். பிறகு சுவர் பாடத் தொடங்கும். ஆர்மோனியம் இல்லை, கிட்டார் இல்லை, வெறும் தொண்டைகள். நாலு விதமான குரல் நாலு வழியால் போய் ஒரே இடத்துக்கு வந்துசேரும். நான் சுவரில் காதை வைத்தபடி இருப்பேன். அது எப்படி நடக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும்போல இருந்தது.

ஒரு புதன்கிழமை அப்பாவின் ரேப் ரெக்கோடரைத் தூக்கிக்கொண்டு அவர்கள் ஜன்னலுக்குக் கீழே போய்க் குந்தினேன். கதவு திறந்தது. அந்த மனிதர் என்னையும் ரெக்கோடரையும் பார்த்தார், உள்ளே வா என்று கையைக் காட்டினார். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். சுவரில் படம் இல்லை, ரேடியோ இல்லை. எனக்கு ஒரு கதிரை போட்டார்கள். ரெக்கோடருக்குள் ஏற்கெனவே இருந்த கசெற்றில் இந்தப் பக்கம் வெறும் பக்கம் என்று நினைத்து, பாட்டைப் பிடிக்கப் பொத்தானை அமத்தினேன்.

வெறும் பக்கம் இல்லை. அது ஊரிலிருந்து சித்தப்பா, அதாவது அப்பாவின் தம்பி, கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெற். கடிதம் உடைத்துப் பார்க்கிற காலம், கசெற் யாரோ ஒருவரின் பையில் கொழும்பு வழியாக வரும்.

லீவு நாளில் ஆறுதலாகக் கேட்கலாம் என்று ரெக்கோடருக்குள் வைத்திருந்த அதை, ஞாயிற்றுக்கிழமைதான் அப்பா முதல்தரம் போட்டார். சித்தப்பா பேசினார். கிணற்றில் தண்ணீர் குறைவு என்றார், மாடு கன்று போட்டது என்றார். "அண்ணை, முக்கியமா உங்களுக்கு ஒண்டு சொல்லோணும்" என்றார். உடனே நாலு குரலில் கர்த்தரைப் பாடினார்கள்.

அப்பா நிறுத்தவே இல்லை. பாட்டு முடிந்து கசெற் தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மாமாவைக் கூப்பிட்டார். மாமாதான் கையில் அகப்பட்ட கசெற்றில் எல்லாம் சினிமாப் பாட்டுப் பிடிக்கிறவர்.

"அத்தான், நான் தொடேல்லை. எனக்கேன் வேதக்காரற்றை பாட்டு?"

"அப்ப ஆர்? பேயோ?"

ஒரு தட்டில் கற்பூரம் கொளுத்தி, முருகன் கலண்டருக்கு முன்னால் வைத்தார் அப்பா. மாமா அடித்துச் சத்தியம் பண்ணினார். அப்பா என்னையும் கூப்பிட்டார். அது லண்டன் கடையில் வாங்கிய கற்பூரம், ஊர்க் கற்பூரத்தின் சக்தி இதற்கு இராது என்று எண்ணிக்கொண்டு நானும் அடித்தேன்.

இரண்டு சத்தியம், ஒரு பொய். சாட்சி பக்கத்து வீட்டில் இருந்தது. மாமா ஷிப்டுக்குப் போனபிறகு அப்பா கசெற்றை எடுத்துக்கொண்டு, என்னையும் கூட்டிக்கொண்டு அங்கே போனார். அவருக்கு இங்கிலீஷ் குறைவு, நான்தான் மொழிபெயர்ப்பு.

இதைப் பிடித்தது யார் என்ற அப்பாவின் கேள்வியை நான் சொல்ல, அந்த மனிதர் கேட்டுக்கொண்டார். என் தோளில் மெல்லக் கையை வைத்தார். "இந்தப் பையன்தான். இங்கே இருந்தான்" என்றார். அதை மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

அப்பா என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். மேசையில் கிடந்த பைபிளை எடுத்து நீட்டினார்.

"இதைத் தொட்டுச் சொல்லச் சொல்லு. சொன்னா நான் நம்புறன்."

சொன்னேன். அந்த மனிதர் கையைப் பின்னால் எடுத்துக்கொண்டார். சத்தியம் பண்ணுவதில்லை என்றார். நிறுத்தி நிதானமாக இன்னும் கொஞ்சம் சொன்னார்: இந்தப் புத்தகமே பண்ணாதே என்று சொல்கிறது, எங்கள் ஆம் ஆமாகவும் இல்லை இல்லையாகவும் இருக்க வேண்டும், சத்தியம் பண்ணினால் மற்ற நேரத்தில் பேசுவது குறைந்த பேச்சு என்றாகிவிடும்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

"சத்தியம் பண்ணமாட்டாராம்."

மிச்சத்தை நான் சொல்லவில்லை.

அப்பாவின் முகம் தெளிந்தது. வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: "தன்ரை வேதப் புத்தகத்தைத் தொடவே பயப்படுறான். அப்ப சொன்னது பொய். உன்ரை தம்பி அவனைக் கைக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறான். பச்சைப் பிள்ளை கற்பூரத்திலை பொய் சொல்லுமோ?"

அடுத்தநாள் காலை மாமா சூட்கேசோடு இறங்கினார். மனோர் பார்க்கில் ஒரு சிநேகிதனின் அறைக்கு. அம்மா சாப்பாட்டுப் பொட்டலத்தை நீட்டினார், அவர் வாங்கவில்லை. பகல் ஷிப்ட்தான். பாடாமல் போனார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது என் கலியாணத்துக்கு மட்டும், அதுவும் மற்ற ஆட்களைப்போல வாசலில் நின்று கைகொடுத்துவிட்டுப் போக. சித்தப்பாவிடமிருந்து வேறு கசெற் வரவில்லை. முக்கியமான அந்த ஒன்று என்னவென்று அப்பாவுக்குக் கடைசிவரை தெரியவில்லை.

அடுத்த புதன்கிழமை சுவர் பாடியது. நான் போகவில்லை. அதற்கடுத்த புதன்கிழமை போனேன், ஆசை விடவில்லை. அடி விழும், பேச்சு விழும், குறைந்தது கதவாவது சாத்தப்படும் என்று நினைத்தேன். அந்த மனிதர் கதவைத் திறந்து, அதே கதிரையை அதே இடத்தில் போட்டார். பாட்டு முடிந்து நான் புறப்படும்போது ஒன்று மட்டும் கேட்டார்.

"உன் மாமா சுகமாக இருக்கிறாரா?"

ஓம், சுகம் என்றேன். அவர் கொஞ்ச நேரம் நின்றார், நான் வேறு ஏதும் சொல்வேன் என்பதுபோல. பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு வருடம் கழித்து அவர்கள் ஊருக்குத் திரும்பும்வரை, ஒவ்வொரு புதன்கிழமையும் அதே கேள்வி, அதே மாதிரி நிற்பது. ஓம், சுகம் என்பேன். எதையும் இரண்டாம் தரம் சொல்லாத அந்த மனிதர், இதை மட்டும் வாராவாரம் கேட்கிறாரே, பாவம், ஞாபகமறதி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு படியிறங்கி வருவேன்.