கனடா எந்தப் பக்கம்?

விமான டிக்கெட் போடும் தொழிலில் டிக்கெட் போடப் பத்து நிமிஷம், மீதி நேரமெல்லாம் "எத்தனை மணி நேரம் ஆகும்?" என்பதற்குப் பதில் சொல்லியே தொண்டை போகும். என்னைப் போல டிக்கெட் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு இது தெரியும். ஆரணியில் என் கடைக்கு வந்த ஒரே ஒரு குடும்பத்தின் கதையை மட்டும் சொல்கிறேன்.

ஒன்பதரை மணி

பட்டு நெசவு முனுசாமியும் மனைவி கஸ்தூரியும் டொரொன்டோ போகவேண்டும். மகளுக்கு அங்கே வெள்ளிக்கிழமை காலை ஆபரேஷன் செய்து பிள்ளை எடுக்கிறார்கள். மாப்பிள்ளையைத் தவிர துணைக்கு ஆளில்லை.

புதன் மாலை நாலுக்குச் சென்னை, வியாழன் காலை எட்டுக்கு டொரொன்டோ. முனுசாமி விரலை மடக்கி எண்ணி, பதினாறு மணி நேரம் என்றார். பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல், நடுவில் இறங்கி ஏறவேண்டும், மொத்தம் இருபத்தைந்தரை மணி, அந்த ஊர்க் கடிகாரம் நமக்கு ஒன்பதரை மணி பின்னால் என்றேன். மூன்று தடவை சொன்னேன். யோசித்துவிட்டுக் கேட்டார்:

"சரிங்கண்ணா, அந்த ஒம்போதரை மணிக்கும் சேத்து சோறு போடுவாங்களா?"

ஒரு வார்த்தைப் பதில்

கனடா எந்தப் பக்கம் என்று கேட்டார் கஸ்தூரி. கம்ப்யூட்டர் நின்றுபோன எரிச்சலில் இருந்தேன். "வடக்கு" என்றேன். விமானம் முதலில் மேற்கே போகிறது என்று சொல்லியிருக்கலாம். புதன்கிழமை வடக்கே சூலம். அந்தத் திசைக்குப் பயணம் ஆகாது.

அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். முன்னதாகவே நல்ல நேரத்தில் ஒரு பையை வெளி இடத்தில் வைத்துவிட்டால், பயணம் தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பரஸ்தானம் என்பார்கள். கிளம்பும்போது எடுத்துப் போகவேண்டும், நடுவில் பை வீட்டுக்குத் திரும்பக்கூடாது. திங்கட்கிழமை ராகு காலம் முடிந்ததும் கஸ்தூரி சிவப்பு ரெக்சின் பை ஒன்றை என் கடை பீரோ பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். உள்ளே என்ன என்றேன்.

"பாஸ்போர்ட்டுண்ணா. வெறும் துணிய வெச்சா பயணம் செல்லுமா?"

ஆற்காடு

புதன் காலை பத்துக்குக் கடை திறந்தேன். பை அங்கேயே இருக்கிறது.

போன் போட்டேன். கிளம்பும் அவசரத்தில் பையை மறந்துவிட்டார்கள், கார் சென்னைச் சாலையில் காவேரிப்பாக்கம் தாண்டிவிட்டது. இந்த விமானத்தை விட்டால் அடுத்த இடம் சனிக்கிழமைதான். அதற்குள் ஆபரேஷனே முடிந்துவிடும். நடுவழியில் இருக்கும் ஆற்காட்டுக்குத் திரும்பச் சொல்லிவிட்டுப் பையை ஸ்கூட்டரில் மாட்டினேன். என் வயதுக்கு அந்த வேகம் கூடாது. போனேன்.

பாலாற்றுப் பாலத்தருகே நின்றிருந்தார்கள். பையை வாங்கியதும் முனுசாமி அழுதுவிட்டார். திட்டுவதற்கு வாயைத் திறந்தேன், கஸ்தூரி முந்திக்கொண்டார்:

"பாத்திங்களாண்ணா, பரஸ்தானம் வெச்சதாலதான் பை பத்திரமா கீது."

சனிக்கிழமை போன்

புதன் மதியம், விமான நிலையத்துக்குள் போய்விட்டோம் என்று தகவல் வந்த பிறகுதான் சாப்பிட்டேன். சனிக்கிழமை காலை டொரொன்டோவிலிருந்து முனுசாமி கூப்பிட்டார். பெண் குழந்தை, தாயும் சுகம். கஸ்தூரி மகள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாராம். எனக்கு மூன்று நாளாக இறங்காத மூச்சு இறங்கியது. வைக்கிறேன் என்றேன். அவர் விடவில்லை:

"ஒரு நிமிஷம்ணா. பொறந்தது இங்க காலைல எட்டு, ஆரணில சாயந்திரம் அஞ்சரை. ஜாதகத்துல எத எழுதறது? ஜோசியரு உங்களாண்ட கேக்கச் சொன்னாரு."

பதிமூவாயிரம் கிலோமீட்டரை விமானம் பார்த்துக்கொள்கிறது. ஆரணியிலிருந்து ஆற்காடு வரைக்கும்தான் நம் உயிர் போகிறது.