பூசைக்கு வைத்த கால்

ஆயுத பூசைக்குப் புத்தகம் வைத்தவர்கள் உண்டு, சுத்தியல் வைத்தவர்கள் உண்டு. தன் காலையே கழற்றி வைத்தவன், ஆரம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

பிறந்ததிலிருந்தே என் வலது கால் ஒரு சோம்பேறி. நான்கு அடி வைப்பதற்குள் முட்டி மடங்கி என்னைத் தரையில் உட்கார வைத்துவிடும். அதனால் பத்து வயதுவரை என் வாகனம் நைனாவின் தோள். (ஆந்திரா கூப்பிடு தூரம் என்பதால் எங்கள் வீட்டில் அப்பா, நைனா.) அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லில் வேலை. அங்கே குடும்பத்தாரை உள்ளே விடுவது வருடத்துக்கு ஒரே ஒரு நாள், ஆயுத பூசை சாயங்காலம். வருடா வருடம் நான் தோளில் போய் இறங்குவேன். "இன்னாப்பா, இந்த வருசமும் பார்சலா?" என்று வாட்ச்மேன் நைனாவைக் கேட்பார். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பார்சல் வேறு என்ன செய்யும்?

அந்த வருடம் மில் கேட்டுக்குள் நடந்துதான் போவேன் என்று சபதம் செய்தேன். காலை மடங்காமல் தாங்கும் கேலிப்பர் மாட்டலாம் என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார்.

மூன்று பஸ் மாறி, கேலிப்பருக்கு அளவெடுக்கும் திருவள்ளூர் முகாமுக்குப் போனோம். அளவெடுப்பவர் மேஜைமேல் இரண்டு மாதிரிகளை வைத்தார். ஒன்று வெள்ளைப் பிளாஸ்டிக்; பேன்ட்டுக்குள் மறைந்துவிடும். இன்னொன்று இரும்புப் பட்டையும் தோல் வாரும், அடியில் பிரவுன் பூட்ஸும். காலை நீட்டி நின்றால் முட்டியில் ஒரு வளையம் 'டக்'கென்று விழுந்து பூட்டிக்கொள்ளும். உட்கார வேண்டுமானால் அதைத் தூக்கிவிட வேண்டும். இரண்டுமே சரிப்படும், இரும்பு கொஞ்சம் கனம் என்றார்.

"வெளிய தெரியாதத குடுங்க சார்," என்றாள் அம்மா.

"டக்குனு சத்தம் வர்றது!" என்றேன் நான்.

அம்மா நைனாவைப் பார்த்தாள். "போட்டுக்கினு நடக்கப்போறது அவன்தானே, அவனே சொல்லட்டும்," என்றார் அவர். அவர் மில்லில் உருட்டிய இரும்புதான் என் காலில் ஏறப்போகிறது என்று நானே ஒரு கதை கட்டி, பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் வரைக்கும் பரப்பிவிட்டேன்.

கேலிப்பர் வந்த முதல் வாரம் வீடு போர்க்களம். வார் அழுத்தித் தொடை சிவந்தது. அம்மா பழைய பருத்திப் புடவையைக் கிழித்து உள்ளே மடித்து வைத்தாள். பூட்டைத் திறக்க மறந்து ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தேன். கால் பீரங்கி மாதிரி நீண்டு சாம்பார்க் குண்டானைக் கவிழ்த்தது. "நடக்கக் கத்துக்கினியோ இல்லியோ, நல்லா உதைக்கக் கத்துக்கினடா," என்றாள் அத்தை. நைனாவின் அக்கா, எங்கள் வீட்டின் சட்ட மந்திரி. மூன்றாவது வாரம் தெருக்கோடிவரை போய்த் திரும்பினேன். பாதி வழியில் இரண்டு தடவை விழுந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

பூசை நாள் வந்தது. காலையில் அம்மாவின் தையல் மெஷின், நைனாவின் ஸ்பேனர், என் புத்தகம் எல்லாம் பொட்டு வைத்து ஜொலித்தன. எனக்காக உழைத்த கேலிப்பருக்கு மட்டும் ஒன்றுமில்லையா? கழற்றிக் கொண்டுபோய்ச் சாமி படத்துக்கு எதிரே வைத்தேன்.

"அடப்பாவி, சாமி முன்னாடி பூட்ஸா?"

"பூட்ஸ் இல்ல அத்த. என் காலு."

வாதத்தில் ஜெயித்துவிட்டேன். அடிப்பக்கத்தை மஞ்சள் தண்ணீரில் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றினாள் அத்தை. கல்யாண மாப்பிள்ளை கெட்டான் போங்கள். சாயங்காலம் மில்லுக்குக் கிளம்பும் நேரம், எடுக்கக் கை நீட்டினேன். கைமேலேயே அத்தையின் அடி ஒன்று விழுந்தது.

"பூசையில வெச்சத நாளிக்கி காலையிலதான் எடுக்கணும். மெசினு, புக்கெல்லாம் கம்முனு கீதில்ல?"

வீட்டுப்பாடத்திலிருந்து தப்பிக்க வருடா வருடம் நான் எடுத்து விடும் அதே சட்டம்! நான் போட்ட கூச்சலில் நைனா சட்டைப் பொத்தான் பாதியில் ஓடிவந்தார். விஷயத்தைக் கேட்டார். பூமாலையோடு படுத்திருந்த கேலிப்பரைப் பார்த்தார்.

"யக்கா, என் சைக்கிளுக்கும்தான் பூச போட்ட. அதயும் நாளிக்கித்தான் எடுக்கணுமா?"

"வண்டி வேற. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தி எடுத்துக்கினு போலாம்."

"அப்ப இதுவும் வண்டிதான்."

அத்தை யோசித்தாள். "வண்டின்னா ரெண்டு பழம் வெக்கணுமே?"

"இது ஒத்தச் சக்கர வண்டி, யக்கா. ஒண்ணு போதும்."

வாசலில் பழம் வைக்கப்பட்டது. தெருவே கூடிவிட்டது. முதல் மிதிக்குப் பழம் வழுக்கிச் சாக்கடைப் பக்கம் ஓடியது. திரும்ப எடுத்து வைத்தார்கள்; இரண்டாவது மிதிக்குப் பழம் அங்கேயே இருந்தது, நான்தான் ஓடினேன், அம்மா பிடித்தாள். மூன்றாவது, 'பச்சக்'! சாறு தெறித்து அத்தையின் புதுப்புடவையில் நிலப்படம் வரைந்தது. பையன்கள் விசிலடித்தார்கள்.

பஸ்ஸில் போய் இறங்கியதும், மில் கேட்டில் வாட்ச்மேன் நைனாவின் காலித் தோளைப் பார்த்தார், பிறகு குனிந்து என்னைப் பார்த்தார், கேட்டை அகலத் திறந்துவிட்டார். கேட்டிலிருந்து ஷெட் வரைக்கும் லாரி போகும் சிமெண்ட் ரோடு. மெஷின்கள் எல்லாம் அன்றைக்கு நிறுத்தியிருந்ததால் அங்கே கேட்டது என் கால் சத்தம் ஒன்றுதான். இரும்பு கிறீச்சிட, மாலை போட்ட லாரிகள் இரண்டு பக்கமும் நிற்க, எனக்குள் பேண்டு வாத்தியம் முழங்கியது. நாலு இடத்தில் தள்ளாடினேன். ஒவ்வொரு தடவையும் நைனா விருட்டென்று பக்கத்தில் வந்தார், ஆனால் பிடிக்கவில்லை. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் விரல் வெளுக்க இறுக்கிக் கோத்துக்கொண்டே, அந்த ரோடு முடியும்வரை நடந்தார்.

வேலை செய்கிற இடத்துக்கு வந்ததும் மேனேஜர் மாதிரி நடக்கிறாரே மனுஷன் என்று எனக்கு ஒரே சிரிப்பு.