தனித்தனியாக ஏற்றிய லோடு

நான் ஓட்டிய வண்டிகளில் அந்த ஒன்றைத்தான் இன்றைக்கும் கனவில் ஓட்டுகிறேன். வெளிநாட்டு வண்டி. மலை, மணல், ஆறு எதிலும் ஏறி இறங்குவதற்காகச் செய்தது என்பார்கள். முதலாளி அதைக் கொச்சியில் ஒருவரிடம் பழசாக வாங்கி வந்தபோதே கிலோமீட்டர் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தது. தோல் சீட்டு, மரப்பலகை பதித்த டேஷ்போர்டு, என் நெஞ்சு உயரத்துக்கு பானட். சிவகாசி பஜாருக்குள் அது நுழைந்தால் டவுன் பஸ்ஸே ஒதுங்கி நிற்கும். எனக்கு முப்பது வயது. திமிர் இருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

முதலாளிக்கு வெம்பக்கோட்டை ரோட்டில் பட்டாசுக் கம்பெனி. என் மனைவிக்கும் அங்கேதான் வேலை, வெடிமருந்து அடைக்கும் அறையில். சாயங்காலம் முழங்கை வரை வெள்ளி பூசிக்கொண்டு வருவாள். அலுமினியப் பவுடர் சோப்புக்குப் போகாது. விரலால் தேய்த்தால் தோலுக்குள் இன்னும் இறங்கும். வேலைக்கென்று ஒரு பழைய சேலை வைத்திருந்தாள். வந்ததும் அதை அவிழ்த்து என் காக்கிச் சட்டையோடு அடுப்படி மூலையில் போடுவாள். காலையில் அதையே உதறிக் கட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவாள். எங்கள் தெருவில் தண்ணீர் வாரத்துக்கு ஒருமுறைதான் வரும், அதனால் துவைப்பது ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

சீசன் நேரத்தில் லைசென்ஸில் இருக்கிற அளவுக்கு மேல் மருந்துக்கான சரக்கு தேவைப்படும். லோடு வேனில் கொண்டுபோனால் சோதனையில் நிறுத்துவார்கள். இந்த வண்டியை யார் நிறுத்துவது? கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததும் சல்யூட் அடித்து அனுப்பினார்கள். அப்படித்தான் ஒரு நாள் முதலாளி டிக்கியைத் திறந்து காட்டி, "ரெண்டு மூடைதானலே, உக்காந்து போற வண்டிதான, தூங்கிக்கிட்டே வந்துரும்" என்றார். இரண்டு நான்காகி, நான்கு எட்டானது. பின்சீட்டை நிரந்தரமாக மடக்கிப் போட்டுவிட்டோம்.

நானும் முட்டாள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தீப்பெட்டிக் கட்டையும் மருந்தும் புழங்கிய வீட்டில் பிறந்தவன். எது எதோடு சேரக்கூடாது என்று எங்கள் ஊரில் பால்குடி மாறாத பிள்ளைக்கும் தெரியும். அதனால் ஒரு சட்டம் வைத்திருந்தேன்: ஒரு நடைக்கு ஒரு சரக்கு. வெடியுப்பு ஏற்றினால் அன்றைக்கு வெடியுப்பு மட்டும். கந்தகம் என்றால் கந்தகம். அலுமினியப் பவுடருக்குத் தனி நாள். முதலாளி அவசரப்படுத்தினாலும் இதில் மட்டும் மசிய மாட்டேன். ஒவ்வொரு நடைக்கும் பிறகு டிக்கியை விளக்குமாறு போட்டுப் பெருக்குவேன். தனித்தனியாக இருக்கிறவரை அவை சாதுவான சரக்கு. சேர்ந்தால்தான் மருந்து.

நாலாவது வருடம் வண்டி உட்கார ஆரம்பித்தது. அதற்கு ஸ்பிரிங் கிடையாது, நாலு சக்கரத்துக்கும் நாலு ரப்பர் காற்றுப் பைகள். இரவு நிறுத்திவிட்டுப் போனால் காலையில் பின்பக்கம் இடப்புறம் மண்டியிட்டுக் கிடக்கும். ஷாக் அப்சர்பர் நான்கும் எண்ணெய் கக்கிவிட்டன. இணைப்புகளில் இருக்கும் ரப்பர் புஷ்கள் பிய்ந்து, இரும்பு இரும்போடு மோதியது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அந்த டொக் என் பிடரியில் விழும்.

பயத்தை எப்படிச் சொல்ல? எட்டு மூட்டையோடு வருகிறபோது ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் பிடித்திருப்பேன், உள்ளங்கை வேர்த்து வழுக்கும். ரோட்டில் எந்தெந்த இடத்தில் பள்ளம் என்று மனப்பாடம். பள்ளம் வருமுன்னே பல்லைக் கடித்துக்கொள்வேன். சாலையோரம் எங்கேயாவது கல்யாணத்துக்கு வெடி போட்டால் என் கால் தானாக பிரேக்குக்குப் போகும். தனித்தனிதானே, ஒன்றும் ஆகாது என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓட்டுவேன். உடம்பு அதை நம்பவில்லை.

முதலாளியிடம் ஒரு வருடம் நச்சரித்தேன். என் பயத்துக்கு மசியாதவர், மதுரைக் கல்யாணத்துக்குப் போய் வந்து தன் இடுப்பு பிடித்துக்கொண்டதும் மசிந்தார்.

"விருதுநகர்ல பைபாஸ்ல ஒருத்தர் இருக்காராம்லே, இந்த மாதிரி வண்டிய அக்கக்காப் பிரிச்சு மாட்டுவாராம். கொண்டுபோய் விடு. கூடவே இரு. என்ன ஏத்துனோம், ஏது ஏத்துனோம்னு வாயத் தொறந்துறாத. வெளிய தெரிஞ்சா கம்பெனிய மூடிருவான். ஒன் பொண்டாட்டியும் அங்கனதான வேல பாக்கா?"

கடைசி வரியைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அதன் எடை எனக்குத் தெரியும்.

விருதுநகர் மெக்கானிக்குக்கு ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. பட்டறை வாசலில் மிளகாய் வற்றல் மூட்டை லாரிகள் போய்க்கொண்டே இருந்ததால் பேச்சுக்கு நடுவே தும்முவார். வண்டியைச் சுற்றி வந்து ஒவ்வொரு மூலையையும் அமுக்கிப் பார்த்தார். அது அமுங்கியது, எழவில்லை.

"இது வண்டி இல்ல தம்பி, தொட்டிலு. எந்த ஊரு?"

"சிவகாசிப் பக்கம் அண்ணாச்சி."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு டிரைவர் கதவைத் திறந்தார்.

"அந்தப் பக்கத்து வண்டி எது வந்தாலும் நான் ஒண்ணு கேப்பேன், தப்பா நெனைக்காதீக. மருந்து ஏத்துன வண்டியா? ஸ்டியரிங்கத் தொட்டுச் சொல்லுங்க. ஏத்துனதுன்னா மூணு தண்ணி அடிச்சுக் கழுவிட்டுத்தான் தீயப் பக்கத்துல கொண்டுபோவேன். ஒருநாள் கூடுதலா ஆகும், அம்புட்டுத்தான்."

அம்புட்டுத்தான். ஒருநாள் கூடுதல். நான் ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். முதலாளியின் சிரிப்பு நினைவுக்கு வந்தது. மருந்து ஏற்றியதில்லையே, தனித்தனியாகத்தானே ஏற்றினேன் என்றும் ஒரு கணக்கு மனசுக்குள் ஓடியது. டிரைவர்கள் ஸ்டியரிங்கைத் தொட்டுப் பொய் சொல்ல மாட்டார்கள். நான் தொட்டேன்.

"இல்ல அண்ணாச்சி."

முதல் நாள் முன்பக்கம். காற்றுப் பைகளைக் கழற்றிப் புதுசு மாட்டினார், புது ஷாக் அப்சர்பர் போட்டார். நான் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்தேன். இனி டொக் இருக்காது என்பதே எனக்குப் பெரிய நிம்மதி.

இரண்டாம் நாள் மத்தியானம் பின்பக்கத்துக்கு வந்தார். அடியில் இருந்த ஒரு பெரிய போல்ட் புஷ்ஷோடு துருப்பிடித்து ஒன்றாகிக் கிடந்தது. ஸ்பானரில் குழாய் மாட்டித் திருகினார், அசையவில்லை. பெரிய சுத்தியலால் பத்துப் பன்னிரண்டு அடி கொடுத்தார். அசையவில்லை.

"சூடு காட்டுனாத்தான் வருவான்" என்று இரட்டைக் கேஸ் சிலிண்டரைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

அவர் அடித்த அடியில், வண்டியின் அடிச்சட்டமான சேஸ் இரும்புக்குள்ளிருந்து, ஒரு விரல் நுழையும் துவாரம் வழியாக, என்னவோ கொட்டியிருந்தது. சிமெண்டுத் தரையில் ஒரு கோடு. புழுதி என்று நினைத்தேன். ஊர் ஊராகப் புழுதி தின்ற வண்டி. சும்மா இருக்க முடியாத என் கை அதைத் தொட்டு விரலால் தேய்த்தது.

போகவில்லை. தேய்க்கத் தேய்க்கத் தோலுக்குள் இறங்கியது. என் விரல் நுனி வெள்ளியாகிவிட்டது. அது என் மனைவியின் கை.

மூக்கில் வைத்துப் பார்த்தேன், கந்தகம். வெயிலில் காட்டியபோது சாம்பல் நிறத்துக்குள் வெள்ளைப் பொடிகள் மினுங்கின, வெடியுப்பு. என்ன பெருக்கினாலும் கார்ப்பெட்டுக்கு அடியில் போனதை விளக்குமாறு பார்த்திருக்குமா? டிக்கித் தரை ஓட்டைகள் வழியாக அது இரும்புக்குள் இறங்கி, வருடக்கணக்காக அங்கேயே சேர்ந்திருக்கிறது. எல்லாம் சேர்ந்திருக்கிறது.

நிமிர்ந்தபோது அவர் கேஸ் டார்ச்சைப் பற்றவைத்துவிட்டிருந்தார். நீலத் தீ சீறிக்கொண்டிருந்தது. அவர் மல்லாந்து படுத்து வண்டிக்கு அடியில் போய்க்கொண்டிருந்தார். முதலில் கால் வெளியே தெரிந்தது, பிறகு பாதம் மட்டும்.

கத்த நினைத்தேன். வாயில் எச்சில்கூட இல்லை. ஓடிவிடலாம் என்றும் ஒரு நொடி தோன்றியது, இதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். கால் வாசல் பக்கம் திரும்பியேவிட்டது. அந்தப் பாதங்களில் செருப்பில்லை. எங்கள் கம்பெனியில் மருந்து அறைக்குள் போகிறவர்கள் அப்படித்தான் வெறுங்காலோடு போவார்கள். சிலிண்டர்கள் மேல் பாய்ந்து இரண்டின் வால்வையும் அடைத்தேன்.

தீ அணையும்போது 'பட்' என்றது. அதுதான் முடிவு என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"ஏலே, யாருலே அடச்சது?" அவர் குரல் அடியிலிருந்து வந்தது. அந்தக் குரலைக் கேட்டு நான் அழுதேன். "அண்ணாச்சி, வெளிய வாங்க. மெதுவா வாங்க. எதையும் தட்டாதீக."

வெளியே வந்தவர் என் விரலைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். ஒரு சிட்டிகையை மட்டும் மெதுவாகத் தாளில் வழித்து, ரோட்டுக்கு அந்தப் பக்கம் காலி மனையில் ஓட்டாஞ்சில் ஒன்றின் மேல் வைத்தார். சாமி படத்துக்கு ஏற்றியிருந்த ஊதுபத்தியை நீளக் குச்சியில் கட்டி நீட்டினார். கண் கூசும்படி ஒரு வெள்ளை வெளிச்சம். ஓடு இரண்டாகப் பிளந்தது. ஒரு சிட்டிகை.

அவர் அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். "ஸ்டியரிங்கத் தொட்டுச் சொன்னீகளே தம்பி" என்றார்.

"தனித்தனியாத்தான் அண்ணாச்சி ஏத்துனேன். சாமி சத்தியமா ஒருநாளும் சேத்து ஏத்துனதில்ல."

"நீங்க தனித்தனியாத்தான் கொண்டாந்தீக. இந்தத் தொட்டிலு ஆடிச்சே, அது சலிச்சுக் கலந்து வச்சிருக்கு."

எங்கள் கம்பெனியில் மருந்து சலிக்கிறவரைத் தனியறையில், விடியற்காலையில், சுற்றிலும் ஆளில்லாமல் வைப்பார்கள். நான் அந்தச் சல்லடைக்கு முன்னால் உட்கார்ந்து பஜார் வழியாக ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவை பள்ளிக்கூடம் விடும் நேரம். பிள்ளைகள் வண்டியைத் தொட்டுப் பார்த்தார்கள், நான் ஹாரன் அடித்து விரட்டினேன்.

மூன்று தண்ணீர் இல்லை, ஏழெட்டுத் தண்ணீர் அடித்தோம். லாரித் தண்ணீர் வாங்கி, துவாரம் துவாரமாகக் குழாயை விட்டு, நானே படுத்துக் கழுவினேன். அவர் தடுக்கவில்லை. எல்லாம் ஊறிய பிறகு போல்ட்டை ரம்பத்தால் தண்ணீர் ஊற்றி ஊற்றி அறுத்தார். புது புஷ், புதுக் காற்றுப் பை. நாலாம் நாள் சாவியை என் கையில் தராமல் பானட் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். தந்திருந்தாலும் வாங்க எனக்கு முகமில்லை.

வண்டி நிமிர்ந்து நின்றது. திரும்பும் வழியில் மனப்பாடமான பள்ளங்கள் எல்லாம் வந்தன, ஒன்றும் தெரியவில்லை. முதலாளி ஏறி ஒரு சுற்றுப் போய்ப் பார்த்தார்.

"அடேயப்பா, தண்ணியில போற மாதிரில்ல போகுது. இனிமே பத்து மூடை தாங்கும்லே. நாளைக்குப் பவுடர் வருது, எடுத்துட்டு வந்துரு."

"சரி மொதலாளி" என்றேன். அந்த நேரத்தில் வாயில் வந்தது அதுதான்.

வீட்டுக்குள் நுழைந்தபோது மனைவி அடுப்படியில் இருந்தாள். வேலைச் சேலையை அவிழ்த்து மூலையில் போட்டிருந்தாள். அதற்கடியில் விருதுநகர் போகுமுன் நான் கழற்றிய காக்கிச் சட்டை, கந்தகம் ஏற்றிய நாளில் போட்டது. அதற்கும் அடியில் இன்னொன்று, வெடியுப்பு. அவள் அடுப்புப் பற்றவைக்கத் தீப்பெட்டியை எடுத்தாள். ஐந்து வருடமாக அந்த மூலைக்கும் அடுப்புக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருந்தது. காலையில் அவள் அந்தச் சேலையை உதறிக் கட்டுவாள்.

தீப்பெட்டியை அவள் கையிலிருந்து பிடுங்கினேன். மூலையில் கிடந்த துணிகளை அள்ளிக் குடிதண்ணீர் அண்டாவுக்குள் அமுக்கினேன்.

"என்ன செய்யுதீக? ஞாயித்துக்கெழம வரைக்கும் குடிக்கிற தண்ணில்லா அது? கிறுக்குப் பிடிச்சிருக்கா?"

அண்டாவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். பொய் சொன்னது, ஓடப் பார்த்தது, பிள்ளைகளை விரட்டியது எல்லாம். சாவியைக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னேன். அவள் தன் இரண்டு முழங்கைகளையும் விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு அண்டாவுக்குள் கைவிட்டுச் சேலையை எடுத்துப் பிழிந்தாள்.

"நீங்க சாவியக் குடுத்துருவீக" என்றாள். "நாளைக்கு நான் எதக் கட்டிட்டு வேலைக்குப் போக?"

காலையில் சாவியை முதலாளி மேசையில் வைத்தேன். அவர் என்னைத் திட்டினார், அவளை நிறுத்தவில்லை; அவள் கைவேகம் அவருக்குத் தேவைப்பட்டது. எங்களுக்கு அந்தச் சம்பளம் தேவைப்பட்டது. சேலை விடிவதற்குள் காய்ந்துவிட்டிருந்தது. அவள் அதை உதறாமல் கட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.